ஆசிரியரின் தொனி என்ன? – ஒரு கலை விமர்சனப் பத்தியும் நான்கு கேள்விகளும்

கேட், ஜிமேட், ஜிஆர்இ மாதிரியான தேர்வுகளுக்குப் படிப்பவர்களிடம், ரீடிங் காம்ப்ரிஹென்ஷனில் எந்தப் பாசேஜ் வந்தால் பயம் என்று கேட்டுப் பாருங்கள். அறிவியல் வந்தால் சந்தோஷம், பொருளாதாரம் வந்தால் சமாளிக்கலாம், கலை விமர்சனம் வந்தால் மட்டும் தலை சுற்றுகிறது என்று பலரும் சொல்வார்கள். குறிப்பாக எஞ்சினியரிங் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். நானும் பி.இ. ஆசாமிதான். எங்கள் ஆபீஸில் எம்.பி.ஏ. கனவோடு இருக்கும் இளைஞர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்த மாதிரிப் பத்திகளை மொபைலில் காட்டி, "சார், இவரு படம் நல்லா இருக்குங்கறாரா, இல்லேங்கறாரா?" என்று கேட்பார்கள்.

கேள்வி நியாயமானது. படத்தைக் கண்ணில் காட்டாமல், படத்தைப் பற்றி ஒருவர் சொன்னதை மட்டும் காட்டி, அவர் மனதில் என்ன இருந்தது என்று நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? கலை விமர்சனத்தில் ஆளுக்கொரு கருத்து சகஜம். அதில் "சரியான விடை ஒன்றே ஒன்று" என்ற பேச்சு எப்படி வந்தது? இதைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றைத் தொகுத்து எழுதியதுதான் இந்தப் பதிவு. நடுவில் ஒரு பத்தியும் நான்கு கேள்விகளும் நானே தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். பென்சிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே விடை எங்கிருந்து வந்தது?

நூறு வருடங்களுக்கு முன்னால் போக வேண்டும். 1912ல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்று இரண்டு பேர் ஒரு வேலை செய்தார்கள். பள்ளி மாணவர் எழுதிய ஒரே ஆங்கில விடைத்தாளைப் பிரதி எடுத்து, பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பி மதிப்பெண் போடச் சொன்னார்கள். தாள் ஒன்றுதான். ஆனால் கிடைத்த மதிப்பெண்கள் 64லிருந்து 98 வரை பரவியிருந்தன. மொழிப்பாடம் என்பதால் அப்படி என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். அடுத்த வருடம் ஜியோமெட்ரி தாளை வைத்து அதையே செய்தார்கள். வித்தியாசம் இன்னும் அதிகம்!

அதாவது பையன் பாஸா ஃபெயிலா என்பது அவன் என்ன எழுதினான் என்பதை மட்டுமல்ல, யார் கையில் தாள் போய்ச் சேர்ந்தது என்பதையும் பொறுத்திருந்தது. இது சின்ன அநியாயம் இல்லை.

ஃப்ரெடரிக் கெல்லி என்பவரும் இதே பிரச்சினையில்தான் தன் முனைவர் பட்ட ஆய்வைச் செய்தார். ஆசிரியர்கள் போடும் மதிப்பெண் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்பது அவர் தலைப்பு. பிறகு கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது, 1915 வாக்கில், கான்சாஸ் மௌன வாசிப்புத் தேர்வு என்று ஒன்றைத் தயாரித்தார். சின்னச் சின்னக் கேள்விகள். வட்டம் போட வேண்டும் அல்லது கோடு போட வேண்டும். விடை சரி அல்லது தவறு, நடுவில் எதுவும் கிடையாது. யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண். நாம் இன்று திட்டிக்கொண்டே எழுதும் மல்டிபிள் சாய்ஸ் தேர்வின் மூதாதை என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். அது முதலில் கையாண்டது கணக்கை அல்ல, வாசிப்பை என்பதைக் கவனியுங்கள்.

1917ல் எட்வர்ட் தார்ன்டைக் ஒரு கட்டுரை வெளியிட்டார். வாசிப்பது என்பதே ஒரு வகைத் தர்க்கம் என்பது அவர் வாதம். ஓர் ஊரில் பள்ளி வருகை பற்றிய விதியைச் சொல்லும் சாதாரணப் பத்தி ஒன்றை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கேள்வி கேட்டார். பிள்ளைகள் எப்படித் தவறினார்கள் என்பதுதான் சுவாரசியம். வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியாமல் தவறியது ஒரு பக்கம் இருக்க, தெரிந்த வார்த்தைகளில் ஏதோ ஒன்றுக்கு மட்டும் அளவுக்கு மீறி எடை கொடுத்துத் தவறியவர்கள் நிறைய. "நோய்" என்ற சொல் பத்தியில் வந்தால் பத்தியே நோயைப் பற்றியது என்று எழுதிவிட்டார்கள். சமையலில் உப்பு, புளி, காரம் எல்லாம் இருந்தும் அளவு பிசகிப்போன மாதிரி. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய எடையைக் கொடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி நிறுத்துவதுதான் வாசிப்பு என்றார் தார்ன்டைக். காம்ப்ரிஹென்ஷன் பற்றி இதைவிட உருப்படியான ஒரு விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

1926ல் முதல் எஸ்ஏடி தேர்வு நடந்தபோது பத்தி வாசிப்பும் அதில் ஒரு பகுதி. 1930களின் இறுதியில் ஐபிஎம் 805 என்ற திருத்தும் இயந்திரம் வந்தது. பென்சில் கோட்டில் உள்ள கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை வைத்து விடைகளை எண்ணும் இயந்திரம். அதை உருவாக்கிய ரெய்னால்ட் ஜான்சன் மிச்சிகனில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல்: 1956ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க் டிரைவை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இதே ஜான்சன்தான்.

பெயரை மறைத்துவிட்டுப் படிப்பது

இதெல்லாம் அமெரிக்கக் கதை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் வேறு ஒரு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். கவிதைகளை எழுதியவர் பெயர் இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்தார். நல்லதும் சுமாரானதும் கலந்திருக்கும். படித்துவிட்டு மனதில் பட்டதை எழுதித் தர வேண்டும். மாணவர்கள் எழுதியதை ஆராய்ந்து 1929ல் ஒரு புத்தகமாகப் போட்டார். நன்கு படித்த பிள்ளைகளே வரிகளின் நேரடிப் பொருளைக்கூடத் தவறவிட்டிருந்தார்கள். கையில் தயாராக வைத்திருந்த அபிப்பிராயங்களை எடுத்துக் கவிதையின் மேல் ஒட்டிவிட்டிருந்தார்கள்.

ரிச்சர்ட்ஸ் அர்த்தத்தை நான்காகப் பிரித்தார். சொல்லப்படும் விஷயம் ஒன்று. அந்த விஷயத்தின் மேல் சொல்பவருக்கு உள்ள உணர்வு இரண்டு. கேட்பவரை அவர் எப்படி நடத்துகிறார் என்கிற தொனி மூன்று. எதற்காகச் சொல்கிறார் என்கிற நோக்கம் நான்கு. இன்றைய தேர்வுகளில் வரும் கேள்வி வகைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பத்தியில் உள்ள தகவல், ஆசிரியரின் மனப்பான்மை, தொனி, பத்தியின் நோக்கம். ஏறக்குறைய அதே நான்கு அறைகள். தேர்வுகளில் "டோன்" என்று கேட்பது பெரும்பாலும் ரிச்சர்ட்ஸ் கணக்கில் இரண்டாவது அறைதான் என்பது மட்டும் வித்தியாசம். தமிழில் நாம் சொல்லும் "தொனி" வடமொழி "த்வனி"யிலிருந்து வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டுக் காஷ்மீரத்தில் ஆனந்தவர்த்தனர் அந்தச் சொல்லை, வெளிப்படையாகச் சொல்லாமல் உணர்த்தப்படும் பொருளுக்குப் பெயராக வைத்தார். எனவே "ஆசிரியரின் தொனி என்ன" என்று தமிழில் கேட்டால் கேள்வி இன்னும் கொஞ்சம் ஆழமாகவே விழுகிறது.

சரி, கலை விமர்சனத்தை ஏன் இவ்வளவு விரும்பிப் போடுகிறார்கள்? என் கணிப்பு இது. விமர்சகர் அபூர்வமாகவே நேரடியாகப் பேசுவார். முதலில் மற்றவர்கள் சொல்வதைச் சொல்வார், அதைப் பாதி ஒப்புக்கொள்வார், பிறகு ஒரு "ஆனால்" போட்டுத் திரும்புவார். பாராட்டு மாதிரி தொடங்கிக் குத்துவார், குத்துவது மாதிரி தொடங்கிக் காப்பாற்றுவார். சொற்களுக்குச் சரியான எடை கொடுக்கிறோமா என்று சோதிக்க இதைவிட நல்ல களம் கிடையாது.

பத்தி

கீழே உள்ளது நான் எழுதியது. விஷயம் நிஜம். பின்னணி தெரிந்தவர்கள் அதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுப் படியுங்கள்.

ரஸ்கின் விஸ்லரைத் தாக்கியதை ஒரு முதியவரின் எரிச்சல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. புயலையும் மூட்டத்தையும் வரைந்த டர்னரை ஊரே கேலி செய்தபோது அவருக்காகப் பேனா எடுத்தவர், இருட்டில் வெடிக்கும் வாணவேடிக்கையை வரைந்த விஸ்லரைக் கண்டு கொதித்தது முரண்பாடாகத்தான் தெரிகிறது. ஆனால் டர்னரிடம் ரஸ்கின் போற்றியது மங்கலை அல்ல. மங்கலுக்குள்ளும் இயற்கையை விடாமல் கவனித்த உழைப்பை. விஸ்லரின் படத்தில் அந்த உழைப்பு அவர் கண்ணில் படவில்லை. 200 கினி என்ற விலை மட்டும் பட்டது. உழைப்புக்கு நியாயமான கூலி என்ன என்று பதினேழு ஆண்டுகளாக எழுதி வந்தவருக்கு அது வெறும் அழகியல் பிரச்சினையாக இருந்திருக்க முடியாது. அவர் கையில் இருந்த அளவுகோல் நேர்மையானது. அதை வைத்த இடம்தான் பிசகு: விஸ்லரின் உழைப்பு அந்தத் துணியின் மேல் இல்லை, அதற்கு முந்தைய ஆண்டுகளில் இருந்தது.

கேள்விகள்

1. பத்தியின் முதன்மை நோக்கம்:
அ) ரஸ்கின் விஸ்லரைத் தாக்கியது சரியே என்று நிறுவுவது
ஆ) ரஸ்கினின் கோபத்துக்குப் பின்னால் இருந்த நியாயத்தை விளக்கி, அது எங்கே பிசகியது என்று காட்டுவது
இ) டர்னர், விஸ்லர் இருவரில் யார் பெரிய ஓவியர் என்று ஒப்பிடுவது
ஈ) ஓவியங்களுக்கு விலை வைக்கும் முறையை விளக்குவது

2. ரஸ்கின் மேல் ஆசிரியரின் மனப்பான்மை:
அ) ஏளனம்
ஆ) முழுமையான வியப்பு
இ) புரிதலோடு கூடிய மறுப்பு
ஈ) பட்டும் படாத அலட்சியம்

3. ஆசிரியர் பெரும்பாலும் எதை ஒப்புக்கொள்வார்?
அ) டர்னரும் விஸ்லரும் ஒரே மாதிரியான ஓவியர்கள்
ஆ) விமர்சகர்கள் விலையைப் பற்றிப் பேசக்கூடாது
இ) படைப்பில் நேரடியாகத் தெரியாத உழைப்பும் உழைப்புதான்
ஈ) ரஸ்கின் பின்னாளில் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்

4. கீழ்க்காண்பவற்றில் எது உண்மையாக இருந்தால் ஆசிரியரின் வாதம் மிகவும் பலவீனப்படும்?
அ) டர்னரின் படங்களுக்கும் அதிக விலை கேட்கப்பட்டது
ஆ) டர்னரைப் புகழ்ந்து எழுதிய எந்த இடத்திலும் ரஸ்கின் கவனிப்பையோ உழைப்பையோ குறிப்பிடவே இல்லை
இ) விஸ்லர் அந்தப் படத்தை விரைவாக வரைந்து முடித்தார்
ஈ) அதே கண்காட்சியில் இருந்த வேறு சில படங்கள் ரஸ்கினுக்குப் பிடித்திருந்தன

விடைகள்

விடைகள்: ஆ, இ, இ, ஆ. விடையைவிட, மற்ற மூன்றும் ஏன் இல்லை என்பதுதான் முக்கியம்.

முதல் கேள்வியில் "அ" பாதி உண்மை. பத்தி ரஸ்கினுக்காக வாதாடுகிறது, ஆனால் கடைசி வாக்கியத்தில் அவருக்கு எதிராகத் திரும்புகிறது. கடைசி வரிக்கு எடை கொடுக்காதவர்கள் "அ"வில் விழுவார்கள். "இ" டர்னர் என்ற பெயருக்கு எடை கூட்டியதால் வரும் விடை, தார்ன்டைக்கின் ஆறாம் வகுப்புப் பிள்ளை "நோய்" என்று எழுதிய மாதிரி. "ஈ"யும் அப்படியே, விலை ஒரு இடத்தில் வருகிறது என்பதற்காகப் பத்தி விலையைப் பற்றியது ஆகிவிடாது.

இரண்டாவதில் "எளிது" என்ற சொல்லைப் பாருங்கள். ஒன்றைச் செய்வது எளிது என்று விமர்சகர் சொன்னால், நான் அதைச் செய்யப் போவதில்லை என்று அர்த்தம். அதனால் ஏளனம் போய்விட்டது. "பிசகு" என்பதால் முழு வியப்பும் போய்விட்டது. இவ்வளவு அக்கறையாக வாதாடுகிறவரை அலட்சியக்காரர் என்று சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது "இ".

தொனியைத் தவறவிடுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு ஒரு வரலாற்று உதாரணம் சொல்கிறேன். 1874 ஏப்ரலில் பாரிஸில் மோனே முதலிய ஓவியர்கள் சேர்ந்து நடத்திய கண்காட்சியைப் பற்றி லூயி லெருவா என்பவர் ஷாரிவாரி என்ற கேலிப் பத்திரிகையில் எழுதினார். கட்டுரை உரையாடல் வடிவம். பழைய பாணி ஓவியர் ஒருவரைக் கற்பனையாக உருவாக்கி, படம் படமாக அவரோடு நடந்து போகிறார். அந்தக் கற்பனை ஓவியருக்குக் கடைசியில் புத்தியே பேதலித்துவிடுகிறது. இதில் கேலி யார் மேல்? மோனேயின் மேல் என்பது நிச்சயம். அந்தப் பழைய பாணி ஓவியர் மேலும் கொஞ்சம் இல்லையா? ஒரே வார்த்தையில் விடை சொல்ல முடியாது. மோனேயின் படத் தலைப்பில் இருந்த "இம்ப்ரெஷன்" என்ற சொல்லைக் கிண்டலாக இழுத்து அந்தக் குழுவுக்கே ஒட்டவைத்தது அந்தக் கட்டுரை. இன்று அது உலகமே மரியாதையோடு சொல்லும் பெயர். கிண்டல் ஆவியாகிச் சொல் மட்டும் நின்றுவிட்டது.

மூன்றாவது கேள்விக்கு விடை கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. இதில் "ஈ" வெளியறிவுப் பொறி. ரஸ்கினின் வாழ்க்கை வரலாறு தெரிந்தவர்கள் யோசிக்க ஆரம்பிப்பார்கள், ஆனால் பத்தியில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நான்காவதில், வாதத்தின் தூண் எது என்று கண்டுபிடித்தால் போதும். "டர்னரிடம் போற்றியது உழைப்பை" என்பதுதான் தூண். அதை உருவினால் முரண்பாடு திரும்ப வந்துவிடும். "இ"யை உண்மை என்று எடுத்துக்கொண்டாலும் ஆசிரியருக்கு நஷ்டமில்லை, உழைப்பு முந்தைய ஆண்டுகளில் இருந்தது என்று அவரே சொல்லிவிட்டார்.

இதே கேள்விகள் கோர்ட்டில்

இந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. விஸ்லர் - ரஸ்கின் விவகாரமே ஒரு காம்ப்ரிஹென்ஷன் தேர்வாகத்தான் முடிந்தது.

1877ல் லண்டனில் சர் கூட்ஸ் லிண்ட்சே என்பவர் க்ரோஸ்வெனர் கேலரியைத் திறந்தார். அங்கே ஜேம்ஸ் விஸ்லரின் படங்களும் இருந்தன. அவற்றில் ஒன்று கறுப்பும் பொன்னுமான ஓர் இரவுக் காட்சி: கிரிமோர்ன் தோட்டத்தில் வெடித்துச் சிதறி விழும் ராக்கெட் வாணம். விலை 200 கினி, அதாவது 210 பவுண்டு. ஜான் ரஸ்கின் அப்போது பிரிட்டனின் தொழிலாளர்களுக்கு என்று மாதாமாதம் கடிதங்கள் எழுதி வெளியிட்டு வந்தார். அந்த ஜூலைக் கடிதத்தில், வாங்குகிறவர்களின் நலனுக்காகவாவது லிண்ட்சே இந்த மாதிரிப் படங்களை உள்ளே விட்டிருக்கக் கூடாது என்றார். ஓவியரின் அகம்பாவம் வேண்டுமென்றே செய்யும் மோசடிக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது என்றார். பொதுஜனத்தின் முகத்தில் ஒரு வாளிப் பெயிண்டை விசிறியதற்கு இந்த ஆள் 200 கினி கேட்கிறார் என்கிற அர்த்தத்தில் முடித்தார்.

விஸ்லர் ஆயிரம் பவுண்டு நஷ்ட ஈடு கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். 1878 நவம்பர் 25, 26 தேதிகளில் விசாரணை. ரஸ்கின் உடல்நலமும் மனநலமும் சரியில்லாமல் வரவில்லை. நீதிபதி ஹடில்ஸ்டன், ரஸ்கின் தரப்பில் அட்டர்னி ஜெனரல் சர் ஜான் ஹோல்கர். படங்களைக் கோர்ட்டுக்கே கொண்டுவந்து காட்டினார்கள். பாலத்தின் மேல் இருப்பது மனிதர்களா என்று நீதிபதி கேட்க, நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ அதுதான் என்கிற மாதிரி விஸ்லர் பதில் சொன்னார். இரண்டு நாள் வேலைக்கா 200 கினி என்று ஹோல்கர் மடக்கப் பார்த்தார். இல்லை, ஒரு வாழ்நாளில் சேர்த்த அறிவுக்கு என்றார் விஸ்லர். என் பத்தியின் கடைசி வரி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஜூரிகள் முன்னால் இருந்த உண்மையான கேள்வி படம் நன்றாக இருக்கிறதா என்பதல்ல. ரஸ்கினின் பத்தி எதைச் சொல்கிறது என்பதுதான். படத்தை விமர்சிக்கிறதா, ஆளைத் தாக்குகிறதா? மோசடி என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை? அதற்கு முன்னால் இருக்கும் "கிட்டத்தில் வந்துவிட்டது" என்பதற்கு எவ்வளவு எடை? எழுதியவருக்குப் பகையா, நேர்மையான அபிப்பிராயமா? பொருள், உணர்வு, தொனி, நோக்கம் – ரிச்சர்ட்ஸின் நான்கு அறைகளும் ஐம்பது வருடம் முன்பே லண்டன் கோர்ட்டில் திறந்து கிடந்தன.

தீர்ப்பு விஸ்லருக்குச் சாதகம். நஷ்ட ஈடு ஒரு ஃபார்த்திங், ஒரு பென்னியில் கால் பாகம். ஆயிரம் பவுண்டு என்பது 9,60,000 ஃபார்த்திங். கேட்டது அவ்வளவு, கிடைத்தது ஒன்று. வழக்குச் செலவும் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் விஸ்லர் திவாலானார். ரஸ்கினின் செலவை நண்பர்கள் வசூல் செய்து கட்டினார்கள். அவர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பதவியை விட்டு விலகினார். இரண்டு பேருக்குமே தோல்வி.

அந்த ஒரு ஃபார்த்திங்கைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். "விடை ஆ சரி, ஆனால் கொஞ்சம்தான் சரி" என்று சொல்ல ஜூரிகளுக்கு ஒரு வழி இருந்தது. ஓஎம்ஆர் தாளில் அந்த வழி இல்லை. ஸ்டார்ச்சும் எலியட்டும் காட்டிய அநியாயத்தைப் போக்க நாம் கொடுத்த விலை அது. போனது நியாயமான விலைதான் என்று நினைக்கிறேன், ஆனால் விலை கொடுத்தோம் என்பது ஞாபகம் இருக்க வேண்டும்.

ரஸ்கினை நம் ஊர்க்காரர் எப்படிப் படிப்பது?

இன்னொரு கஷ்டமும் உண்டு. ரஸ்கின் இந்தியக் கலையைப் பற்றி மோசமாக எழுதியவர். 1857 கலகத்துக்குப் பிறகு, 1859ல் புத்தகமாக வந்த உரைகளில், இந்தியக் கலை இயற்கையை உள்ளபடி காட்டுவதே இல்லை என்று குற்றம் சாட்டி, அதை இந்தியர்களின் குணத்தோடும் முடிச்சுப் போட்டார். இதைப் படித்துவிட்டு என் பத்திக்கு வந்தால் இரண்டாம் கேள்விக்கு "ஏளனம்" என்று குறிக்கக் கை துறுதுறுக்கும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது என் கோபம், பத்தியை எழுதியவருடையது அல்ல.

இதே ரஸ்கினை 1904ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் ஓர் இந்திய வக்கீல் படித்தார். 1860ல் ரஸ்கின் எழுதிய பொருளாதாரக் கட்டுரைகளின் தொகுப்பு அது. காந்தியின் வாழ்க்கையையே அது மாற்றியது, "சர்வோதயம்" என்ற பெயரில் அவர் அதன் சாரத்தைக் குஜராத்தியில் எழுதினார். 200 கினியைக் கண்டு கொதித்த மனசாட்சியும் கூலியைப் பற்றி எழுதிய மனசாட்சியும் ஒன்றுதான்.

விஸ்லர் படம் தொங்கிய அதே 1877ல் கொழும்பில் பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. ரஸ்கினிடமிருந்து வில்லியம் மோரிஸ் வழியாக வந்த கைவினைச் சிந்தனையில் ஊறியவர். 1908ல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தன் புத்தகத்தை, மோரிஸ் பயன்படுத்திய அச்சு இயந்திரத்திலேயே அச்சிட்டார். பிறகு இந்தியச் சிற்பத்தை அதற்கே உரிய இலக்கணத்தில் படிக்க வேண்டும் என்று உலகத்துக்கு வாதாடினார். அவர் வாதாட வேண்டிய அவசியமும் இருந்தது. 1910ல் லண்டனில், முன்பு சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைவராக இருந்த ஹாவெல் இந்தியக் கலை பற்றிப் பேசிய கூட்டத்தில், தலைமை வகித்த ஜார்ஜ் பேர்ட்வுட் ஜாவாவின் தியான புத்தர் உருவத்தை வேகவைத்த கொழுப்பு புட்டிங்கோடு ஒப்பிட்டார். இந்தியாவில் வருடக்கணக்கில் வேலை பார்த்த, இந்தியக் கைவினை பற்றிப் புத்தகம் எழுதிய மனிதர் அவர்! தகவல் குறைவால் வந்ததல்ல அந்த வார்த்தை. எதிரில் இருப்பது என்ன சொல்கிறது என்று கேட்கும் முன்பே மதிப்பெண் போட்டுவிட்ட அவசரம். பிப்ரவரி 28 அன்று பதின்மூன்று பேர் டைம்ஸ் பத்திரிகையில் மறுப்புக் கடிதம் வெளியிட்டார்கள்.

காந்தியும் குமாரசுவாமியும் ரஸ்கினை முதலில் அவர் சொன்னபடி புரிந்துகொண்டார்கள், பிறகு வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டார்கள். முதல் படிதான் காம்ப்ரிஹென்ஷன். தேர்வு அதை மட்டும்தான் சோதிக்கிறது. செருப்பை வாசலில் விடுவது மாதிரி நம் அபிப்பிராயத்தைப் பத்தியின் வாசலில் விடச் சொல்கிறது. திரும்பிப் போகும்போது போட்டுக்கொள்ளலாம், யாரும் எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்கள்.

இரண்டாவது படிக்கான கேள்வியை எந்தத் தேர்வும் கேட்பதில்லை. ஐந்தாவது கேள்வி: ஆசிரியர் சொல்வதை நீங்கள் ஏற்கிறீர்களா? இதற்கு விடைத்தாள் கிடையாது, என் விடையைச் சொல்கிறேன். விலை விஷயத்தில் நான் விஸ்லர் பக்கம். பத்து நிமிஷத்தில் ஒரு வரி கோடை மாற்றி சர்வரை நிமிர்த்துகிறவர் அந்தப் பத்து நிமிஷத்துக்குச் சம்பளம் வாங்குவதில்லை, அந்த ஒரு வரி எது என்று தெரிந்ததற்கு வாங்குகிறார். ஆனால் காசு கொடுக்கிறவருக்கு அந்த உழைப்பு கண்ணில் தெரியாது, அவர் எதை நம்பிக் கொடுப்பது என்ற ரஸ்கினின் கவலைக்கு விஸ்லரிடம் பதில் இல்லை. எங்கள் தொழிலிலும் இன்னும் இல்லை. அந்த வாணவேடிக்கைப் படம் இப்போது அமெரிக்காவில் டெட்ராய்ட் கலைக்கூடத்தில் இருக்கிறது.